யார் ஜெயிச்சாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி...

இயற்கை விவசாயிகள் நாலு பேர் கூடுற இடத்துல சுத்திச் சுத்தி வர்ற கேள்வி ஒண்ணு உண்டு. "பஞ்சகவ்யம் நல்லா கேக்குதா, மீன் அமிலம் நல்லா கேக்குதா?" ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருத்தர் ஜீவாமிர்தம் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்பார். இன்னொருத்தர் பஞ்சகவ்யத்தை விட்டால் வழியில்லை என்பார். எல்லோரும் தங்கள் வயலில் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் எது ஜெயித்தது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கரைசல்களை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால், வயலுக்கு வயல் இயல்பாகவே இருக்கிற வேறுபாட்டைத் தாண்டி, இவற்றால் ஏதாவது வித்தியாசம் வந்திருக்கிறதா? இதற்கு "ஆமா" என்று பதில் வந்த பிறகுதான் முதலிடம், இரண்டாமிடம் என்று பேசுவதில் பொருள் இருக்கிறது. புள்ளியியல்காரர்கள் இதை ஒட்டுமொத்தச் சோதனை என்கிறார்கள். வயலின் குணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யும் முறைக்கு லீனியர் மிக்ஸ்டு மாடல், அதாவது கலப்பு மாதிரி என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும். உள்ளே இருக்கிற சங்கதி உழவருக்குத் தெரிந்ததுதான்.

இது நமக்கு ஏன் முக்கியம்? ரசாயன விவசாயத்திலிருந்து மாறலாமா என்று யோசிக்கிற ஒருத்தர் நம் பேச்சைக் கேட்டு, நம் எழுத்தைப் படித்து, ஒரு போகத்தைப் பணயம் வைக்கிறார். நாம் சொன்னது அவர் வயலில் நிற்கவில்லை என்றால், அவர் அந்தக் கரைசலை மட்டும் விடமாட்டார். மொத்தமாக விட்டுவிட்டு அடுத்த பட்டத்துக்கு யூரியா மூட்டையைத் தேடிப் போய்விடுவார்.

ஐந்து வயல், மூன்று பாத்தி

கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இது நடந்த சோதனை அல்ல, விளக்குவதற்காக நான் போட்ட எண்கள். ஐந்து உழவர்கள், ஐந்து வயல்கள், எல்லோரும் ஒரே ரக நெல். ஒவ்வொரு வயலிலும் ஒரு சென்ட் அளவில் மூன்று பாத்தி. ஒன்றில் வெறும் தண்ணீர் தெளிப்பு, ஒன்றில் பஞ்சகவ்யம், ஒன்றில் மீன் அமிலம். அறுவடையில் சென்ட்டுக்குக் கிடைத்த நெல், கிலோவில், இதே வரிசையில்:

முதல் வயல்: 22, 24, 23
இரண்டாம் வயல்: 18, 20, 20
மூன்றாம் வயல்: 12, 13, 14
நான்காம் வயல்: 16, 18, 17
ஐந்தாம் வயல்: 20, 21, 21

சராசரி போட்டால் தண்ணீர் 17.6, பஞ்சகவ்யம் 19.2, மீன் அமிலம் 19. அதிகபட்ச வித்தியாசம் 1.6 கிலோ. ஆனால் முதல் வயலுக்கும் மூன்றாம் வயலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தண்ணீர் தெளித்த பாத்தியிலேயே 10 கிலோ வித்தியாசம். ஒன்று வாய்மடையில் வண்டல், மற்றொன்று கடைமடையில் உவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தப் பத்துக் கிலோ ஆட்டத்துக்கு நடுவில் ஒன்றரைக் கிலோவை எப்படி நம்புவது?

வயலைக் கணக்கில் எடுக்காமல், பதினைந்து எண்களையும் ஒரே குவியலாகக் கொட்டி அனோவா கணக்குப் போட்டால், எஃப் என்ற அளவு 0.26 வரும். வித்தியாசம் உண்டு என்று சொல்ல அது 3.89-ஐத் தாண்ட வேண்டும். ஆக, "கரைசலால் ஒரு பயனும் தெரியவில்லை" என்று அறிக்கை எழுதி மூடிவிடலாம்.

இப்போது அதே எண்களை வயல் வாரியாகப் பாருங்கள். எந்த வயலை எடுத்தாலும் தண்ணீர் பாத்திதான் கடைசி. நல்ல வயலிலும் கடைசி, மோசமான வயலிலும் கடைசி. வயலுக்கு வயல் உள்ள வேறுபாட்டைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கணக்குப் போட்டால், எஃப் 17.5 வருகிறது. தாண்ட வேண்டிய கோடு 4.46. வித்தியாசம் இருக்கிறது, அதுவும் நன்றாகவே இருக்கிறது. எண்கள் மாறவில்லை. வயலை வயலாக மதித்தது மட்டும்தான் மாற்றம்.

கணினி இல்லாமலும் இதை ஓரளவு பார்க்கலாம். கரைசலால் ஒன்றுமே இல்லை என்றால், மூன்று பாத்தியில் எது கடைசியில் வரும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். மூன்றில் ஏதாவது ஒன்று ஐந்து வயலிலும் கடைசியாக வருவதற்கு 81-ல் ஒரு வாய்ப்பு. நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனாலும் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத அளவுக்கு அரிது.

சரி, பஞ்சகவ்யமா மீன் அமிலமா? இரண்டுக்கும் நடுவில் 0.2 கிலோ. இந்த ஐந்து வயலை வைத்து அதைத் தீர்க்க முடியாது. "தெளித்தால் பலன் இருக்கிறது, இரண்டில் எது மேல் என்று இந்தச் சோதனை சொல்லவில்லை." இதுதான் நேர்மையான முடிவு. கையில் மாடு இருப்பவர் பஞ்சகவ்யம் செய்யட்டும், மீன் கழிவு மலிவாகக் கிடைப்பவர் மீன் அமிலம் செய்யட்டும். இதில் சண்டை போட எதுவும் இல்லை.

வயலும் கரைசலும் ஒன்றல்ல

கலப்பு மாதிரியில் என்ன கலக்கிறது? இரண்டு வகைக் காரணங்கள். கரைசல்கள் நாமே தேர்ந்தெடுத்தவை. குறிப்பாக அவற்றைப் பற்றித்தான் நமக்குத் தெரிய வேண்டும். இவற்றை நிலையான விளைவு என்கிறார்கள். வயல்கள் அப்படியல்ல. அந்த ஐந்து வயலைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள நாம் சோதனை வைக்கவில்லை. அவை நம்ம ஊர்ப்பக்கம் இருக்கிற நூற்றுக்கணக்கான வயல்களின் பிரதிநிதிகள். அதனால் வயலை ரேண்டம் விளைவு என்று வைக்கிறோம். விளைச்சல் என்பது பொதுச் சராசரி, அதோடு கரைசலின் பங்கு, அதோடு வயலின் குணம், கடைசியில் யாருக்கும் காரணம் தெரியாத மிச்சம் என்று நான்காகப் பிரிகிறது.

ஒட்டுமொத்தச் சோதனை இதில் ஒரு எளிய ஒப்பீடு. கரைசலின் பங்கைச் சேர்த்து ஒரு கணக்கு, அதை மொத்தமாக எடுத்துவிட்டு இன்னொரு கணக்கு. எடுத்துவிட்டால் கணக்கு கண்டபடி கெடுகிறதா, இல்லை பெரிதாக ஒன்றும் ஆகவில்லையா? கெட்டால் கரைசலுக்குப் பங்கு உண்டு.

கணினியில் போட்டுக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. இப்படிக் கரைசல் உள்ள மாதிரியையும் இல்லாத மாதிரியையும் லைக்லிஹுட் வைத்து ஒப்பிடும்போது, இரண்டையும் எம்.எல். முறையில் பொருத்த வேண்டும். ஆர்.இ.எம்.எல். முறையில் பொருத்தி ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது. அடுத்தது, வயல்கள் ஐந்து பத்து என்று குறைவாக இருக்கும்போது இந்த லைக்லிஹுட் ஒப்பீடு வித்தியாசத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அப்போது கென்வர்ட்–ரோஜர் திருத்தத்தோடு எஃப் சோதனை செய்வது நல்லது. 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம், அதில் இதற்கு வசதி இருக்கிறது.

எல்லா வயலிலும் எல்லா பாத்தியும் முழுதாக இருந்தால் பழைய அனோவா அட்டவணையும் இதே பதிலைத்தான் தரும். ஆனால் நம் வயலில் அப்படி எங்கே நடக்கிறது? ஒரு பாத்தியை ஆடு மேய்ந்துவிடும். ஒருத்தருக்கு மீன் அமிலம் சமயத்துக்குக் கிடைக்காமல் போய்விடும். அட்டவணை அங்கே திண்டாடும். கலப்பு மாதிரி இருக்கிற எண்களை வைத்துக்கொண்டு கணக்கை முடிக்கும். நம்மைப் போன்றவர்கள் செய்யும் சோதனைக்கு இது பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழு கரைசல், இருபத்தொரு சண்டை

நேராக இரண்டிரண்டாக ஒப்பிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். நான்கு கரைசல் இருந்தால் ஆறு ஜோடி. ஏழு கரைசல் இருந்தால் 21 ஜோடி. வழக்கமான கோடு 5 சதவீதம், அதாவது ஒன்றுமே இல்லாத இடத்தில் நூறுக்கு ஐந்து தடவை "இருக்கு" என்று தப்பாகச் சொல்ல அனுமதி. ஒவ்வொரு ஒப்பீடும் தனித்தனி என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஆறு ஜோடியில் ஒன்றாவது பொய்யாக ஜெயிக்க ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. 21 ஜோடியில் அது 66 சதவீதம். அதாவது ஏழு பாட்டிலிலும் வெறும் தண்ணீரை ஊற்றி, ஏழு பெயர் ஒட்டித் தெளித்தால்கூட, "இது அதைவிட மேல்" என்று சொல்ல ஏதாவது ஒரு ஜோடி கிடைக்கக் கணிசமான வாய்ப்பு உண்டு.

கம்பெனிக்காரர்கள் இதைத் தெரிந்தோ தெரியாமலோ நிறைய செய்கிறார்கள். பத்து ஊரில் செயல்விளக்கத் திடல் போட்டு, நன்றாக வந்த ஒரு ஊரைப் படம் பிடித்துச் சுவரொட்டி அடிக்கிறார்கள். அதைக் கண்டிக்கிற நாம், நம் மேடையில் அதையே செய்யலாமா? நம் கூட்டங்களிலும் நன்றாக வந்த வயல்தான் பேசுகிறது. வராத வயல்காரர் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். முதலில் ஒட்டுமொத்தமாகக் கேட்டுவிட்டு, விடை "ஆமா" என்றால் மட்டும் ஜோடி ஜோடியாகப் பார்ப்பது இந்த ஆபத்தைக் குறைக்கும். கரைசல்கள் நாலைந்து என்று கூடினால் அதற்குப் பிறகும் டூக்கி முறை மாதிரி ஒரு திருத்தம் வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. விதைக்கும் முன்பே "எனக்குத் தண்ணீருக்கும் மீன் அமிலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் போதும்" என்று எழுதி வைத்துவிட்டால், அந்த ஒரு கேள்வியை நேராகவே கேட்கலாம். அறுவடை முடிந்து, எண்களைப் பார்த்த பிறகு கேள்வியைத் தேர்ந்தெடுப்பதுதான் கூடாது.

எதை எண்ணுவது?

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஒரே வயலில் ஒரு பக்கம் தெளித்து, மறுபக்கம் தெளிக்காமல் விட்டு, இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது தூர் எடுத்துச் சிம்பு எண்ணுவது. "நூறு தூர் எண்ணியிருக்கோம் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" நூறு தூர் எண்ணியது உண்மைதான். ஆனால் வயல் ஒன்றுதான். தெளித்த பக்கம் வாய்மடைப் பக்கமாக இருந்தால், அந்த ஐம்பது தூரும் ஒரே கதையைத்தான் ஐம்பது தடவை சொல்கின்றன. அதை ஐம்பது சாட்சி என்று எண்ணினால் எந்தக் கரைசலையும் ஜெயிக்க வைக்கலாம். கலப்பு மாதிரியில் வயலை மட்டுமல்லாமல், வயலுக்குள் தெளித்த பக்கம், தெளிக்காத பக்கம் என்ற ஒவ்வொரு பகுதியையும் ரேண்டம் என்று சொல்லிவிட்டால், தூரை எண்ணி ஏமாறாமல் வயலை எண்ணும்.

இதே அளவுகோலை ஆராய்ச்சிப் பண்ணைக்கும் வைக்க வேண்டும். ஒரு பண்ணையில் எத்தனை பாத்தி போட்டாலும் அது ஒரு மண், ஒரு தண்ணீர், ஒரு மேலாண்மை. நம்மாழ்வார் ஐயா 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, அங்கே நடக்கிற உரச் சோதனைகள் மானாவாரி உழவருக்கு உதவாது என்று வெளியே வந்தவர். பண்ணையில் கிடைத்த விடை நம் வயலுக்குப் பொருந்துமா என்ற கேள்வியைத்தான் அவர் எழுப்பினார். பல வயல்களில் சோதித்து வயலை ரேண்டமாக வைப்பது அந்தக் கேள்விக்குக் கணக்கு வழியில் ஒரு பதில்.

இதில் இன்னும் ஒரு படி உண்டு. ஒரு கரைசல் செம்மண்ணில் நன்றாகக் கேட்கலாம், களியில் கேட்காமல் போகலாம். ஒவ்வொரு வயலிலும் ஒரே கரைசலுக்கு இரண்டு மூன்று பாத்தி போட்டிருந்தால், கரைசலின் பலன் வயலுக்கு வயல் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பாத்திகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கு அளவுக்கு மீறி நம்பிக்கை காட்டும். சேர்த்தால், "அடுத்த ஊர் வயலிலும் இது கேட்குமா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் வருவோம்.

இதுவும் வயலில் பிறந்த அறிவுதான்

"இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று ஒதுங்க வேண்டாம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843-லிருந்து கோதுமைப் பாத்திகளில் தொழு உரமும் ரசாயன உரமும் அருகருகே சோதிக்கப்பட்டு வருகின்றன. அதைத் தொடங்கிய லாஸ், சூப்பர் பாஸ்பேட் தயாரித்து விற்றவர். அங்கே சேர்ந்து கிடந்த எண்களைப் புரிந்துகொள்ள 1919-ல் வேலைக்கு வந்தவர் ரொனால்டு ஃபிஷர். அனோவா கணக்கும், பாத்திகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் பழக்கமும் அவரிடமிருந்து பரவின. கலப்பு மாதிரிக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்காவின் சார்லஸ் ஹெண்டர்சன். அவர் கையில் இருந்தவை கறவை மாட்டுக் கணக்குகள். ஒரு காளையின் மகள்கள் பத்துப் பண்ணைகளில் பால் கறக்கின்றன. தீவனமும் பராமரிப்பும் பண்ணைக்குப் பண்ணை வேறு. அதைப் பிரித்துக் காளையின் தரத்தை எப்படி அறிவது? நம்முடைய வயல், கரைசல் சிக்கல்தான் அது. மாட்டுக்கொட்டகையிலும் வயலிலும் உண்டான கருவியை நாம் கையில் எடுப்பதில் கூச்சம் என்ன?

நேர்மையான எண் இயற்கை விவசாயத்தைப் பலவீனப்படுத்தும் என்ற பயமும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற ஊரில் 1978-லிருந்து இயற்கை, ரசாயன முறைகளை ஒரே நிலத்தில் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வருகிறார்கள். 21 ஆண்டு முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. இயற்கை முறையில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு என்று மறைக்காமல் சொன்னார்கள். கூடவே உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் குறைவு, பூச்சிக்கொல்லி 97 சதவீதம் குறைவு என்றும் சொன்னார்கள். முதல் எண்ணைச் சொன்னதால்தான் பின்னால் வந்த எண்களை உலகம் நம்பியது.

அனுபவம் போதாதா?

போதாது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இலையைத் தொட்டுப் பார்த்தே பயிரின் குறையைச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தன் வயலுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அடுத்த மாவட்டத்துக்காரருக்குப் பரிந்துரை என்று எழுதும்போது, "என் வயல்ல வந்துச்சு" என்பது ஒரு வயலின் சாட்சி மட்டுமே.

எதிர்ப்பக்கமும் கவனம் தேவை. மூன்று வயலில் சோதித்து, ஒட்டுமொத்தச் சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், "கரைசல் வீண்" என்று ஆகிவிடாது. அவ்வளவு குறைந்த வயலில் நிஜமான வித்தியாசம்கூட ஒளிந்துகொள்ளும். "தெரியவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் வேறு வேறு. அதேபோல வித்தியாசம் நிரூபணமானால் அது கட்டுப்படியாகும் என்றும் அர்த்தமில்லை. மேலே போட்ட உதாரணத்தில் சென்ட்டுக்கு 1.6 கிலோ என்றால் ஏக்கருக்கு 160 கிலோ. நாலு தெளிப்புக்கு ஆள் கூலியும் பொருள் செலவும் போக அதில் என்ன மிஞ்சும் என்பது தனிக் கணக்கு. அதையும் போட வேண்டும்.

வரும் பட்டத்துக்கு என் வேண்டுகோள்

ஒரு ஊர்க் குழுவில் ஆறு முதல் பத்து பேர் சேருங்கள். ஏழு கரைசல் வேண்டாம், இரண்டு போதும். கூடவே வெறும் தண்ணீர் தெளித்த பாத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். எதுவுமே தெளிக்காத பாத்தியை எதிரில் வைத்தால், பலன் கரைசலாலா அல்லது தெளித்த தண்ணீராலா என்று தெரியாது. எந்தப் பாத்திக்கு எது என்பதை ஒவ்வொரு வயலிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். "இது நல்ல பாத்தி, இதுல பஞ்சகவ்யம் போடுவோம்" என்று ஆரம்பித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. பாத்திகளுக்கு நடுவில் வரப்போ இடைவெளியோ விடுங்கள். அறுவடையில் பாத்தி முழுவதையும் அறுத்து, ஒரே அளவு காய்ந்த பிறகு எடை போடுங்கள்.

எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறோம் என்பதை நடவுக்கு முன்பே நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அறுவடைக்குப் பிறகு, வந்த வயலோடு வராத வயலையும் சேர்த்து எல்லா எண்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். கணக்குப் போட ஊரில் வேளாண் கல்லூரியிலோ புள்ளியியலிலோ படிக்கும் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். முதலில் ஒட்டுமொத்த விடையை எழுதச் சொல்லுங்கள். அது "தெரியவில்லை" என்று வந்தால் அதையே அனுப்புங்கள். நம் இதழ்களும் அதற்கு, ஜெயித்த கதைக்குக் கொடுக்கிற அதே இடத்தைக் கொடுக்க வேண்டும். அடுத்த ஊர்க்காரர் அதே சோதனையை இன்னும் ஆறு வயலில் வைத்துப் பார்க்க அந்தத் தாள் உதவும்.